தோரின் சுத்தியல்: தகுதி பார்க்காத ஆயுதம்

இடித்தெய்வம் தோரின் சுத்தியலைத் தகுதியுள்ளவர் மட்டுமே தூக்க முடியும் என்று இன்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். சினிமா அந்த அளவுக்கு மனதில் பதிய வைத்திருக்கிறது. அப்புறம் யாராவது ஆர்வத்தில் நார்ஸ் புராணத்தை எடுத்துப் படிக்கப்போக, குழப்பம் ஆரம்பிக்கிறது. அங்கே ஓர் அரக்கன் தோர் தூங்கும்போது அதே சுத்தியலைத் திருடிக்கொண்டு போய் மண்ணுக்கடியில் புதைத்து வைக்கிறான். தகுதியில்லாதவன் அசைக்கக்கூட முடியாத சுத்தியல் என்றால், திருடனால் எப்படித் தூக்க முடிந்தது?

சுருக்கமான பதில் இது: தகுதி என்ற நிபந்தனை 1962ல் ஓர் அமெரிக்கச் சித்திரக்கதையில் பிறந்தது. மூலக் கதைகளில் அதற்கு இடமே இல்லை. ஆனால் அதோடு விட்டுவிட்டால் சுவையான பகுதி விட்டுப்போகும். பழைய கதைகளைக் கேட்டவர்களுக்குச் சுத்தியலை யார் தூக்கலாம் என்பது ஒரு கவலையே இல்லை. அது கையில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதுதான் அவர்கள் பயம்.

கதைகள் எங்கிருந்து கிடைத்தன

டென்மார்க், நார்வே, ஸ்வீடன், ஐஸ்லாந்து மக்கள் கிறிஸ்தவர்களாக மாறுவதற்கு முன் சொல்லிவந்த தெய்வக் கதைகளைத்தான் நார்ஸ் புராணம் என்கிறோம். கல்லிலும் மரத்திலும் செதுக்க அவர்களிடம் ரூன் என்ற எழுத்து இருந்தது. ஆனால் கதைகளை நீளமாக எழுதிவைக்கும் பழக்கம் இல்லை. நமக்குக் கிடைத்திருப்பதில் பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட இரண்டு தொகுப்புகளிலிருந்து வருகிறது.

1. உரைநடை எட்டா. 1220 வாக்கில் ஸ்னோரி ஸ்டர்லுசன் என்ற ஐஸ்லாந்துப் பெரும்புள்ளி எழுதியது. கவிஞர்களுக்கான கையேடு என்றே இதைச் சொல்லலாம். பழைய நார்ஸ் கவிதையில் பொருள்களை நேராகப் பெயர் சொல்லாமல் விடுகதை போலச் சுற்றிச் சொல்வார்கள். கதை தெரியாதவனுக்குக் கவிதை புரியாது. அதனால் நிகண்டு, யாப்பிலக்கணம், புராணக் கதை மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுத்தார் ஸ்னோரி.

2. பாடல் எட்டா. யார் எழுதியது என்று தெரியாத பழம்பாடல்களின் தொகுப்பு. இதன் முக்கியப் பிரதி 1270 வாக்கில் எழுதப்பட்ட, 45 தோல் ஏடுகள் கொண்ட ஒரு சிறிய சுவடி. 1643ல் ஓர் ஐஸ்லாந்து ஆயரின் கைக்கு வந்து, 1662ல் டென்மார்க் அரசருக்குப் பரிசாகப் போனதால் அதற்கு அரசச் சுவடி என்று பெயர். 1971ல்தான் கப்பலில் ஐஸ்லாந்துக்குத் திரும்பி வந்தது.

ஐஸ்லாந்து கிறிஸ்தவத்தை ஏற்றது 1000 வாக்கில். ஆக, இவற்றை எழுதியவர்கள் தோரைக் கும்பிட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் பின்னால் வந்த கிறிஸ்தவர்கள். ஸ்னோரி சொல்வதையெல்லாம் பழைய நம்பிக்கையின் நேரடிப் பதிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாடல்கள், மண்ணில் கிடைத்த பொருள்கள், கல்வெட்டுகள் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இன்னொரு சொல்லையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். தேவர்களோடு ஓயாமல் மோதும் இனத்துக்கு யோத்துன் என்று பெயர். வசதிக்காக அரக்கர் என்று எழுதுகிறேன். ஆனால் இரு தரப்புக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு. தோரின் மகன் மாக்னியைப் பெற்றவளே அரக்கர் குலத்துப் பெண்தான்.

பட்டறையில் நடந்தது

சுத்தியலின் பெயர் மியோல்னிர். அது பிறந்த கதையை ஸ்னோரி சொல்கிறார். ஆரம்பம் ஒரு குறும்பு. தேவர்களோடு திரியும் கலகக்காரன் லோகி, தோரின் மனைவி சிஃபின் கூந்தலை முழுக்க வெட்டிவிடுகிறான். எலும்பை நொறுக்கிவிடுவேன் என்று தோர் பிடித்து உலுக்க, தங்கத்திலேயே கூந்தல் செய்து தருகிறேன் என்று கெஞ்சித் தப்பிக்கிறான். குள்ளர்களில் கைதேர்ந்த கொல்லர்கள் உண்டு. இவால்டியின் பிள்ளைகள் என்ற குள்ளர்கள் கூந்தலோடு சேர்த்து, மடித்துப் பையில் வைக்கக்கூடிய ஒரு கப்பலும், தேவர்களின் தலைவன் ஓடினுக்கு ஓர் ஈட்டியும் செய்து தருகிறார்கள்.

வேலை முடிந்தது, லோகி பேசாமல் வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? புரொக் என்ற வேறொரு குள்ளனிடம் போய், உன் அண்ணனால் இதற்கு ஈடாக மூன்று பொருள் செய்ய முடியாது, என் தலையைப் பந்தயம் வைக்கிறேன் என்கிறான். அந்த அண்ணன் எய்த்ரி; சில பிரதிகளில் சிந்திரி.

எய்த்ரி உலையில் பன்றித்தோலைப் போட்டுவிட்டு, நான் வரும்வரை துருத்தியை நிறுத்தாதே என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வெளியே போகிறான். ஓர் ஈ வந்து புரொக்கின் கையில் கடிக்கிறது. அவன் நிறுத்தவில்லை. உலையிலிருந்து தங்க மயிர் கொண்ட பன்றி வருகிறது. அடுத்து தங்கம். ஈ கழுத்தில் இரண்டு மடங்கு பலமாகக் கடிக்கிறது. அப்போதும் நிறுத்தவில்லை. ஒன்பது இரவுக்கு ஒருமுறை தன்னைப் போலவே எட்டு வளையங்களைச் சொட்டும் ஒரு பொன்வளையம் வருகிறது. மூன்றாவதாக இரும்பு. துருத்தி நின்றால் எல்லாம் பாழ் என்று எச்சரித்துவிட்டுப் போகிறான் எய்த்ரி. இந்த முறை ஈ கண்களுக்கு நடுவே உட்கார்ந்து இமையைக் கடிக்கிறது. ரத்தம் வழிந்து கண்ணை மறைக்கிறது. துருத்தி படிந்து இறங்கும் அந்த ஒரு நொடியில் புரொக் கையை எடுத்து ஈயை விரட்டிவிட்டு மறுபடி பிடித்துக்கொள்கிறான். அந்த ஈ லோகிதான் என்று ஸ்னோரி வெளிப்படையாகச் சொல்வதில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

எய்த்ரி திரும்பி வந்து, உலையில் இருந்தது மயிரிழையில் தப்பியது என்கிறான். வெளியே எடுத்தால் சுத்தியல். கைப்பிடி மட்டும் கொஞ்சம் குட்டை.

ஓடின், தோர், இன்னொரு தேவனான ஃபிரேயர் மூவரும் நீதிபதிகளாக உட்கார்ந்து ஆறு பொருள்களையும் பார்க்கிறார்கள். தீர்ப்பு சுத்தியலுக்கு. காரணம் அழகோ வேலைப்பாடோ இல்லை. உறைபனி அரக்கர்களிடமிருந்து தேவர்களைக் காக்க இதைவிடச் சிறந்த பாதுகாப்பு கிடையாது என்பதுதான். கைப்பிடி குட்டையாக இருப்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. பந்தயத்தில் தோற்ற லோகியின் தலையை எடுக்கப் புரொக் வருகிறான். தலை உன்னுடையது, கழுத்து உன்னுடையதில்லை என்று வக்கீல் பேச்சு பேசித் தப்பிக்கிறான் லோகி. ஆத்திரம் தீராத குள்ளன் அவன் உதட்டைத் தைத்துவிட்டுப் போகிறான்.

சுத்தியலின் குணங்கள்

தோருக்குக் கொடுக்கும்போது புரொக் சொல்லும் குணங்கள் இவைதான்.

1. எதை வேண்டுமானாலும், எவ்வளவு பலமாக வேண்டுமானாலும் அடிக்கலாம். சுத்தியல் கெடாது.
2. வீசினால் குறி தப்பாது.
3. எவ்வளவு தூரம் போனாலும் கைக்குத் திரும்பி வரும்.
4. வேண்டுமென்றால் சட்டைக்குள் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்னதாகும்.

நான்காவதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். அகழாய்வு பற்றிப் பேசும்போது அதற்குத் திரும்ப வருவோம்.

இந்தப் பட்டியலில் இல்லாதவையும் கவனிக்க வேண்டியவை. தகுதி இல்லை. சுத்தியலைச் சுழற்றிப் பறப்பது இல்லை. தோர் இரண்டு ஆட்டுக்கடாக்கள் இழுக்கும் தேரில் போவார், இல்லாவிட்டால் நடப்பார். தேவர்கள் கூடும் இடத்துக்குத் தினமும் ஆறுகளில் இறங்கி நடந்தே போகிறார் என்று ஒரு பாடல் சொல்கிறது. மின்னல் கூட இந்தப் பட்டியலில் இல்லை. தோர் என்ற பெயருக்கே இடி என்றுதான் பொருள். ஸ்னோரியின் ஒரு சண்டைக் காட்சியில் மின்னலும் இடியுமாகத்தான் அவர் வந்து இறங்குகிறார். ஆனாலும் ஐஸ்லாந்துக் கதைகளில் மின்னல் எதிர்பார்க்கும் அளவுக்கு வருவதில்லை. அந்தத் தீவில் இடிமழை அபூர்வம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். இடி அடிக்கடி விழும் நிலப்பகுதியிலிருந்து வரும் சான்று வேறு மாதிரி பேசுகிறது. 1070களில் எழுதிய ஜெர்மானியப் பாதிரியார் பிரேமன் ஆதாம், ஸ்வீடனின் உப்சாலா கோயிலைப் பற்றிச் சொல்லும்போது, இடி, மின்னல், காற்று, மழை, விளைச்சல் எல்லாம் தோர் கையில் என்று மக்கள் நம்புவதாகக் குறிப்பிடுகிறார்.

சுத்தியலைப் பிடிக்க ஒரு நிபந்தனை உண்டு என்று வாதிட நினைப்பவருக்கு ஒரே ஒரு பிடி கிடைக்கும். தோரிடம் மூன்று பொக்கிஷங்கள் இருப்பதாக ஸ்னோரி சொல்கிறார்: சுத்தியல், பலத்தை இரண்டு மடங்காக்கும் இடைவார், இரும்புக் கையுறை. சுத்தியலின் கைப்பிடியைப் பற்ற அந்தக் கையுறை இல்லாமல் முடியாது என்கிறார். அதுவும் கருவிக்கான கருவிதான், உலைக்களத்தில் கொல்லனுக்குக் குறடு மாதிரி. மனசுத்தம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

சரி, தகுதி எங்கிருந்து வந்தது? 1962 ஆகஸ்ட் தேதியிட்ட மார்வெல் சித்திரக்கதை இதழில் தோர் முதல்முறை நாயகனாக வந்தபோது, தகுதியுள்ளவன் இதைக் கையில் எடுத்தால் தோரின் ஆற்றலைப் பெறுவான் என்ற பொருளில் சுத்தியலில் ஒரு வாசகம் பொறித்திருந்தார்கள். நாயகக் கதைக்கு அது நல்ல திருப்பம், மறுக்கவில்லை. பாறையில் குத்திய வாளை உரிமையுள்ள அரசன் மட்டுமே உருவ முடியும் என்ற ஆர்தர் மன்னன் கதையின் வாடைதான் அதில் அடிக்கிறது. வைக்கிங் காலத்து, அதாவது ஏறக்குறைய 8 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான வட ஐரோப்பாவின், வாடை இல்லை.

திருட்டும் மணப்பெண் வேடமும்

பாடல் எட்டாவில் இருக்கும் துரிம் பாட்டுதான் மியோல்னிர் பற்றிய கதைகளிலேயே மிகப் புகழ்பெற்றது. விழுந்து விழுந்து சிரிக்க வைப்பதும் அதுதான்.

தோர் காலையில் எழுந்து சுத்தியலைத் தேடுகிறார். காணோம். தாடி ஆடுகிறது, தலைமயிர் சிலிர்க்கிறது, கையால் சுற்றுமுற்றும் தடவிப் பார்க்கிறார். முதலில் லோகியிடம் ரகசியமாகச் சொல்கிறார். லோகி ஃபிரேயா தேவியின் இறகு ஆடையை இரவல் வாங்கிக்கொண்டு அரக்கர் நாட்டுக்குப் பறக்கிறான். அங்கே அரக்கர் தலைவன் துரிம் ஒரு மேட்டில் சாவகாசமாக உட்கார்ந்து, நாய்களுக்குப் பொன் கழுத்துப்பட்டை முறுக்கிக்கொண்டிருக்கிறான். ஆமாம், நான்தான் எடுத்தேன், மண்ணுக்கடியில் எட்டு காதத்தில் புதைத்திருக்கிறேன். ஃபிரேயாவைக் கட்டிக்கொடுத்தால் தருகிறேன் என்கிறான்.

ஃபிரேயாவிடம் கேட்டதும் அவள் விட்ட மூச்சில் மண்டபமே நடுங்குகிறது, கழுத்தில் இருந்த பதக்கம் தெறித்து விழுகிறது. தேவர்கள் கூடிப் பேசுகிறார்கள். காவல்தெய்வம் ஹெய்ம்தால் ஒரு யோசனை சொல்கிறார்: தோருக்கே மணப்பெண் வேடம் போட்டு அனுப்புவோம். முகத்திரை, இடுப்பில் குலுங்கும் சாவிக்கொத்து, மார்பில் அணிகலன், எல்லாம் போட்டு. ஆண்மையில்லாதவன் என்று எல்லோரும் என்னைப் பேசுவார்களே என்று தோர் முறுக்குகிறார். லோகி ஒரே வரியில் அடக்குகிறான்: சுத்தியல் திரும்பி வராவிட்டால் சீக்கிரமே அரக்கர்கள் தேவலோகத்தில் குடியேறிவிடுவார்கள்.

பாட்டின் மையம் அந்த வரிதான் என்பேன். தேவலோகத்தின் பாதுகாப்பு தோரின் புஜபலத்தில் கூட இல்லை, ஒரு கருவியில் இருக்கிறது. கருவி யார் கைக்கும் போகக்கூடியது. அதனால்தான் திருட்டு இவ்வளவு பெரிய பேரிடர். தகுதியில்லாதவன் தொட முடியாது என்று ஏற்பாடு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எடுக்க முயன்று தோற்ற திருடனைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தோர் மறுபடி தூங்கப் போயிருப்பார்.

மீதிக் கதை விருந்து. மணப்பெண் ஒரு முழு எருதையும் எட்டு சால்மன் மீன்களையும், பெண்களுக்கென்று வைத்திருந்த பலகாரங்களையும் ஒருத்தியாகவே தின்று தீர்க்கிறாள், மேலே மூன்று பெரும் பாத்திரம் தேன்மது. இப்படிச் சாப்பிடும் பெண்ணை நான் பார்த்ததே இல்லையே என்று துரிம் மிரள, தோழியாக வந்த லோகி, உங்களை நினைத்து எட்டு இரவாக அவள் சாப்பிடவே இல்லை என்கிறான். முத்தம் கொடுக்கத் திரையை விலக்கியவன் கண்களில் நெருப்பைப் பார்த்து மண்டபத்தின் மறுகோடிக்குத் துள்ளுகிறான். எட்டு இரவாகத் தூங்கவும் இல்லை என்கிறாள் தோழி.

மகிழ்ந்துபோன துரிம், மணப்பெண்ணைப் புனிதப்படுத்தச் சுத்தியலைக் கொண்டுவாருங்கள், அவள் மடியில் வையுங்கள் என்று ஆணையிடுகிறான். அவ்வளவுதான். மடியில் வைத்த சுத்தியலைப் பிடித்ததும் தோரின் உள்ளம் சிரித்தது என்கிறது பாட்டு. முதலில் துரிம், அப்புறம் அவன் கூட்டம். சீதனமாகப் பொன்வளையம் கேட்ட துரிமின் வயதான அக்காவுக்கும் வளையத்துக்குப் பதில் அடிதான் கிடைக்கிறது.

கதையில் இதைக் கவனியுங்கள்: சுத்தியலை முதலில் திருடியவன் அரக்கன். எட்டு காதம் தோண்டிப் புதைத்ததும், வெளியே எடுத்துச் சுமந்து வந்து மடியில் வைத்ததும் அரக்கர்கள். யாரும் மூச்சு வாங்கவில்லை.

அடித்தும் சாகாதவர்கள்

வீசினால் தப்பாது என்ற வாக்குறுதியும் கதைகளில் அப்படியே நிற்பதில்லை. ஸ்க்ரீமிர் என்ற ராட்சதன் மரத்தடியில் குறட்டை விட்டுத் தூங்கும்போது தோர் மூன்று முறை தலையில் போடுகிறார். ஒவ்வொரு முறையும் அவன் விழித்து, தலையில் இலை விழுந்ததா, ஓக் கொட்டை விழுந்ததா, மரத்துப் பறவைகள் உதிர்த்த குப்பையா என்று கேட்கிறான். பிறகுதான் தெரிகிறது: கண்கட்டு வித்தையால் அவன் நடுவே ஒரு மலையை நிறுத்தியிருந்தான், அடி மூன்றும் மலையில் விழுந்து மூன்று பள்ளத்தாக்குகளை உண்டாக்கியிருந்தன. கடலில் எருதுத் தலையைத் தூண்டிலில் கோத்து, உலகைச் சுற்றிக் கடலில் கிடக்கும் உலகப் பாம்பைப் பிடித்த கதையில், பயந்துபோன அரக்கன் ஹிமிர் கயிற்றை அறுத்துவிட, மூழ்கும் பாம்பின் மேல் தோர் சுத்தியலை வீசுகிறார். தலை துண்டானது என்று சிலர் சொல்வார்கள், ஆனால் பாம்பு இன்னும் உயிரோடு கடலில் கிடக்கிறது என்பதுதான் உண்மை என்று ஸ்னோரி அதை முடிக்கிறார்.

அடிக்க மட்டுமா சுத்தியல்?

துரிம் ஏன் மணப்பெண் மடியில் சுத்தியலை வைக்கச் சொன்னான்? சினிமா பார்த்துவிட்டு வருபவருக்கு இதுதான் புரியாத இடம். பழைய நார்ஸ் மொழியில் புனிதப்படுத்துவதற்கு ஒரு வினைச்சொல் உண்டு, அது மியோல்னிரோடு அடிக்கடி ஒட்டிக்கொண்டு வரும். பால்டர் என்ற தேவனின் சிதையைத் தோர் சுத்தியலால் புனிதப்படுத்துகிறார். இன்னொரு இடத்தில் ஓர் உழவன் வீட்டில் தங்கும்போது, தேர் இழுக்கும் தன் இரண்டு கடாக்களையும் அடித்துச் சமைத்து எல்லோருக்கும் விருந்து வைக்கிறார். எலும்பை உடைக்காமல் தோலின் மேல் போடச் சொல்கிறார். விடியலில் தோல்களின் மேல் சுத்தியலை ஓங்கிப் புனிதப்படுத்த, கடாக்கள் எழுந்து நிற்கின்றன. ஒன்று மட்டும் பின்னங்காலை நொண்டுகிறது. உழவன் மகன் இரவில் மஜ்ஜைக்காகத் தொடை எலும்பைப் பிளந்திருக்கிறான்.

திருமணம், சாவு, விருந்து. வீட்டில் நடக்கும் பெரிய காரியங்களிலெல்லாம் சுத்தியல் வந்து நிற்கிறது. இது வெறும் கதாசிரியர் கற்பனை இல்லை என்பதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. டென்மார்க்கின் கிளாவென்ட்ரப் கல், ஸ்வீடனின் வேலாண்டா கல் போன்ற நினைவுக்கற்களில் தோர் இதைப் புனிதப்படுத்துவாராக என்ற பொருளில் ரூன் வரி செதுக்கியிருக்கிறார்கள். வேறு சில கற்களில் சுத்தியல் உருவமே இருக்கிறது.

நார்வே அரசன் ஹாகோன் பற்றி ஸ்னோரி தன் அரசர் வரலாற்றில் சொல்லும் ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. 10ஆம் நூற்றாண்டு. இங்கிலாந்தில் வளர்ந்து கிறிஸ்தவனாகத் திரும்பியவன் ஹாகோன். குடிமக்களோ பழைய தெய்வங்களை விடவில்லை. லாடே என்ற ஊரில் நடந்த பலிவிருந்தில் ஓடினுக்கு அர்ப்பணித்த கிண்ணத்தை அரசனிடம் நீட்டுகிறார்கள். வாங்கியவன் அதன் மேல் சிலுவைக் குறி போடுகிறான். அங்கிருந்த ஒரு பெருங்குடியானவர், அரசர் என்ன செய்கிறார் என்று முறைக்கிறார். சமயோசிதமாகச் சிகுர்த் பிரபு சொல்கிறார்: தன் பலத்தை நம்புகிற எல்லோரும் செய்வதைத்தான் செய்தார், கிண்ணத்தின் மேல் சுத்தியல் குறி போட்டார். குடியானவர்கள் அடங்குகிறார்கள். காற்றில் போடும் இரண்டு குறிகளும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பதில் எடுபட்டிருக்காது.

சட்டைக்குள் சுத்தியல்

இங்கேதான் நான்காவது குணம் திரும்பி வருகிறது. வைக்கிங் காலத்தில் ஆண்களும் பெண்களும் கழுத்தில் கோத்துப் போட்டுக்கொண்ட குட்டிச் சுத்தியல் பதக்கங்கள் வட ஐரோப்பா முழுக்கக் கிடைத்திருக்கின்றன. இதுவரை ஏறக்குறைய 1,000. வெள்ளியில், இரும்பில், வெண்கலத்தில், சிலது அம்பர் என்ற, கல்லாக இறுகிய மரப்பிசினில். பெரும்பாலும் கைப்பிடி குட்டைதான். ஸ்னோரி சொன்ன குறை பதக்கம் செய்தவர்களுக்கும் தெரிந்திருந்ததா, அல்லது பதக்கங்களைப் பார்த்துத்தான் கைப்பிடிக் கதை பிறந்ததா என்பது விவாதத்துக்குரியது. எனக்கு இரண்டாவது பக்கம்தான் சாய்வு. சட்டைக்குள் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சுருங்கும் என்ற குணமும், சட்டைக்குள் சுத்தியல் போட்டுத் திரிந்த மக்களிடையே எளிதாகப் பிறந்திருக்கும்.

இவை உண்மையிலேயே சுத்தியல்தானா என்று கூட ஒரு சந்தேகம் இருந்தது. 2014ல் டென்மார்க்கின் லோலாந்து தீவில், கோபெலெவ் என்ற ஊரில், 10ஆம் நூற்றாண்டுப் பதக்கம் ஒன்று கிடைத்தது. வெண்கலம். அதன் மேல் பொடி ரூன் எழுத்தில், இது சுத்தியல் என்று எழுதியிருந்தது. எழுதியவர் சுத்தியல் என்ற சொல்லில் ஓர் உயிரெழுத்தை விட்டுவிட்டார். ஆயிரம் வருடத்து எழுத்துப்பிழையோடு ஒரு விவாதம் முடிந்தது.

டென்மார்க்கின் ஜூட்லாந்தில், ட்ரெண்ட்கோர்டன் என்ற இடத்தில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டு மாக்கல் வார்ப்பு அச்சும் கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே கல்லில் இரண்டு சிலுவைக்கும் ஒரு சுத்தியலுக்கும் குழி வெட்டியிருக்கிறார்கள். மத மாற்றக் காலத்து மோதல் பற்றி எவ்வளவோ எழுதலாம். அந்தப் பட்டறைக்காரருக்கு வாடிக்கையாளர் கேட்டதை ஊற்றிக்கொடுப்பதுதான் தொழில்.

கிறிஸ்தவர்கள் சிலுவை அணிவதைப் பார்த்துப் போட்டியாகத்தான் சுத்தியல் அணியும் வழக்கம் பெருகியது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது பாதி உண்மைதான் என்று தோன்றுகிறது. ஸ்வீடனின் மேலாரன் ஏரிப் பகுதியில், எரித்த சாம்பலோடு வைத்த இரும்பு வளையங்களில் குட்டிச் சுத்தியல்கள் கோத்திருப்பது 9ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிடுகிறது. சிலுவையின் போட்டி பழைய வழக்கத்தைப் பெருக்கியிருக்கலாம். உருவாக்கியதாகச் சொல்வது கஷ்டம்.

பெயரும் உறவுகளும்

மியோல்னிர் என்ற பெயரின் வேர் எது என்று இன்னும் தீரவில்லை. அரைப்பது, நொறுக்குவது என்ற பொருள்படும் வினைச்சொல்லோடு சேர்ப்பவர்கள் ஒரு பக்கம். மின்னலைக் குறிக்கும் ரஷ்யச் சொல் மோல்னியா. அதோடு உறவு பார்ப்பவர்கள் இன்னொரு பக்கம்.

ஆயுதம் ஏந்திய இடித்தெய்வம் என்ற வகையில் தோருக்குச் சொந்தங்கள் அதிகம். லிதுவேனியர்களின் பெர்கூனாஸ் கையில் கோடரி, ஃபின்லாந்தின் உக்கோ கையில் சுத்தியல். நம் இந்திரனின் வச்சிராயுதமும் இந்த வரிசையில் வரும். ததீசி முனிவரின் எலும்பில் செய்தது என்ற கதைதான் நமக்கு அதிகம் தெரியும். ரிக்வேதத்தில் அதை இந்திரனுக்குச் செய்து தருபவன் தேவத்தச்சன் துவஷ்டா. கைவினைஞன் செய்த ஆயுதம், அதனால் பெரும் பாம்பைக் கொல்லும் தெய்வம் என்ற சட்டகம் இரண்டிலும் ஒன்றுதான். இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் பொது மூதாதையரிடமிருந்து வந்த கதை என்று ஒப்பீட்டு ஆய்வாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான். இதை ரொம்பத் தூரம் இழுக்கக் கூடாது. இந்திரன் விருத்திரன் என்ற அந்தப் பாம்பைக் கொன்று தண்ணீரை விடுவிக்கிறான். தோருக்கு அப்படி ஒரு வேலையே இல்லை.

வியாழக்கிழமையிலும் ஓர் உறவு ஒளிந்திருக்கிறது. ரோமானியர்கள் ஒரு நாளுக்கு வியாழன் கோளின் பெயரை, அதாவது இடித்தெய்வம் ஜூபிட்டரின் பெயரை, வைத்தார்கள். ஜெர்மானிய மக்கள் அதை மொழிபெயர்த்தபோது ஜூபிட்டர் இடத்தில் தங்கள் இடித்தெய்வத்தை உட்கார வைத்தார்கள். ஆங்கிலத் தர்ஸ்டே அப்படி வந்ததுதான். தமிழில் அந்த நாள் கோளின் பெயரையே வைத்துக்கொண்டது.

இன்று யார் கையில்

1972ல் ஐஸ்லாந்தில் பழைய தெய்வ வழிபாட்டாளர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அடுத்த வருடம் அரசு அங்கீகாரமும் கிடைத்தது. அவர்களைப் போன்றவர்களுக்குச் சுத்தியல் பதக்கம் சிலுவை, பிறை மாதிரி ஒரு மதச் சின்னம். 2013ல் அமெரிக்க அரசு முன்னாள் படைவீரர் கல்லறைக் கற்களில் பொறிக்க அனுமதிக்கும் சின்னங்களில் தோரின் சுத்தியலையும் சேர்த்தது.

இன்னொரு பக்கம், வெள்ளை இனவெறிக் கும்பல்களும் இதைப் பச்சை குத்திக்கொள்கின்றன. 2021 ஜனவரி 6ல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தவர்களில் கொம்புத் தொப்பியோடு நின்றவரின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவர் வெற்றுடம்பில் மியோல்னிர் பச்சை குத்தியிருந்தது. பதக்கம் போட்டவரையெல்லாம் இனவெறியர் என்று முடிவுகட்ட முடியாது. கூட என்ன சின்னங்கள் இருக்கின்றன என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். தகுதி பார்க்கும் மந்திரம் இந்தச் சுத்தியலில் எப்போதும் இருந்ததில்லை என்பதற்கு இது கசப்பான சாட்சி.

கடைசியில்

உலக முடிவுப் போரில் தோர் உலகப் பாம்பைக் கொல்வார். கொன்றுவிட்டு ஒன்பது அடி நடந்து, அதன் விஷத்தால் விழுந்து சாவார். சுத்தியல் அவரோடு போவதில்லை. நெருப்பெல்லாம் அடங்கியபின் அது மகன்கள் மாக்னிக்கும் மோதிக்கும் போகும் என்கிறது ஒரு பழைய பாடல். அரக்கர் குலத்துத் தாய்க்குப் பிறந்து, மூன்று இரவு வயதில் அப்பாவின் கழுத்தில் விழுந்து கிடந்த ஓர் அரக்கனின் காலைத் தூக்கி எறிந்த பிள்ளைதான் மாக்னி. இடையில் யாராவது கைப்பிடியைச் சரிசெய்ததாக ஸ்னோரி எங்கும் சொல்லவில்லை.